கல்லாத்தா அருவியும் பன்னிரண்டு கழிப்பறைகளும்

ஒரு அருவியைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் அறிக்கை எழுதியவன் நான். எழுதுவதற்கு முன் அந்த அருவியை நான் பார்த்தது மொத்தம் ஏழு நிமிடம். அதுவும் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நடுவில் ஒரு பள்ளத்தாக்கும் மழையும் இருக்க. அந்த ஏழில் நான்கு நிமிடம் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பதில் போயிற்று.

இதை அலுவலகத்துக்கு வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் தெரியும். ஆனால் என்னைப் பற்றி இதைவிட மோசமான விஷயங்களும் வீட்டில் தெரியும் என்பதால் இது பெரிதாக எடுபடவில்லை. இப்போது எழுதக் காரணம் நித்யா. ஊட்டியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே போன் அவளுடையது.

"சார், நீலகிரியில இன்னும் யாரும் கண்டுக்காத இடமா பத்து இடம் லிஸ்ட் கேட்டிருக்காங்க. பழைய ஃபைல் எல்லாம் எடுத்துப் பாத்தேன். பந்தலூர் பக்கம் கல்லாத்தா அருவின்னு ஒண்ணு இருக்கு. உங்க கையெழுத்துல ஒரு ரிப்போர்ட், உலகத்துலயே இப்படி ஒரு இடம் இல்லைங்கற மாதிரி. அதுக்கு மேலயே உங்க கையெழுத்துல இன்னொண்ணு, ஒரே பக்கம், அந்தத் திசையிலயே யாரும் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுங்கற மாதிரி. எத சார் நம்பறது?"

"ரெண்டாவத நம்பும்மா."

"அப்ப மொதல்ல எழுதினது?"

"அது இலக்கியம்."

சிரித்தாள். ஆனால் விடவில்லை. நடந்ததை எழுதிக் கொடுங்கள், ஃபைலில் வைக்க வேண்டாம், நான் படிக்க மட்டும் என்றாள். ஒரு அதிகாரி 'ஃபைலில் வைக்க வேண்டாம்' என்று சொன்னால் அதை நம்பி எழுதுவது முட்டாள்தனம். நான் எழுதுகிறேன்.

எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லவில்லை. பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மலைக்கு வருகிறவர்களுக்கு எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று சொல்கிற அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மேட்டுப்பாளையத்தில் பிறந்தவன். மலையைத் தினமும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தே வளர்ந்ததால், மேலே வேலை கிடைத்ததே பதவி உயர்வு மாதிரி இருந்தது. முதல் ஐந்து வருடம் தகவல் கவுண்டர். அங்கே வருகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்வி. பனி எப்போது விழும்? சினிமா எடுத்த இடம் எங்கே? டாய்லெட் எங்கே? முதல் இரண்டுக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் அந்தக் காலத்தில் யாரிடமும் இல்லை. கைக்குழந்தையோடு ஒரு அம்மா எதிரில் நின்று கேட்கும்போது, "பைக்காரா போகிற வழியில் மரங்கள் நிறைய இருக்கின்றன" என்றா சொல்ல முடியும்? ஐந்து வருடம் அந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதில், பிறகு நான் எழுதிய எந்த அறிக்கையிலும் கழிப்பறை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. இது பின்னால் வரும்.

கவுண்டரிலிருந்து மேசைக்கு வந்ததும் கிடைத்த வேலை 'சாத்தியக்கூறு அறிக்கை'. ஒரு இடத்தைச் சுற்றுலாத் தலமாக்க முடியுமா என்று பார்த்து எழுதுவது. பதினெட்டு கட்டம் உள்ள ஒரு படிவம். இடத்தின் பெயர், பக்கத்து பஸ் நிறுத்தம், உயரம், சமயச் சிறப்பு, உகந்த பருவம், உள்ளூர் வழக்கங்கள், இருக்கிற வசதிகள், வேண்டிய வசதிகள், தாங்கு திறன் என்று போகும். தாங்கு திறன் என்றால் அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது. முறைப்படி நேரில் போய், நடந்து, அளந்து, ஊர்க்காரர்களிடம் பேசி நிரப்ப வேண்டும். நாங்கள் செய்தது வேறு. பீரோவில் எனக்கு முன்னால் இருந்த யாரோ பைக்காராவைப் பற்றி எழுதிய ஒரு நல்ல அறிக்கை இருந்தது. எல்லா அறிக்கைக்கும் அதுதான் தாய். பெயரை மாற்றி, தூரத்தை மாற்றி, 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' என்ற வரியை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். எமரால்டு அணையும் அதே கம்பளத்தில்தான் இருக்கிறது; கோத்தகிரியில் ஒரு பாறையும் அதே கம்பளத்தில்தான்.

எங்கள் தலைவர் சபாபதி சார். அவினாசிப் பக்கத்துக்காரர். குன்னூரில் வெயில் கொளுத்தினால்கூட குரங்குக் குல்லாவைக் கழற்றமாட்டார். அந்தக் குல்லாவைப் படிக்கத் தெரிந்தவன் அலுவலகத்தில் பிழைத்துக்கொள்வான். இரண்டு காதும் மூடியிருந்தால் நாம் சொல்வது அவருக்குள் போகவில்லை. வலது காதுப் பக்கத்தை ஒரு விரலால் தூக்கினால் கேட்கிறார். இரண்டையும் மேலே மடித்து ஏற்றினார் என்றால் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. யாரையும் 'நீ' என்றதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. "ஏனுங்க" என்று மெதுவாக ஆரம்பிப்பார். அந்த 'ஏனுங்க'வைக் கேட்டு டிசம்பர் மாதத்தில் எனக்கு வேர்த்திருக்கிறது.

அறிக்கையை ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பார். ஸ்கேல் எந்த வரியில் நிற்கிறதோ அங்கே தப்பு. பக்கத்து இடைவெளியில் பச்சை மையால் 'பேசுக' என்று எழுதுவார். நேரில் வந்து பேசு என்று பொருள். போனால் அவர் பேசமாட்டார். நாம்தான் பேச வேண்டும். அவர் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பார். தேயிலை விளைகிற மாவட்டத்தில் அத்தனை வருடம் வெந்நீரிலேயே காலம் தள்ளிய மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

நான் ஓய்வு பெற ஏழெட்டு வருடம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஒவ்வொரு மாவட்டமும் வெளியே தெரியாத ஒரு புனிதத் தலத்தைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். பத்தே நாள். ஜீப் டிரைவர் ரஹீம் பாய்தான் வழி சொன்னார். ஊட்டி பஜாரிலேயே பிறந்து வளர்ந்தவர். மாவட்டத்தில் அவருக்கு உறவோ நட்போ இல்லாத டீக்கடை கிடையாது.

"பந்தலூர் தாண்டி எஸ்டேட் ஒண்ணுல அருவி இருக்குங்க சார். சிலோன்காரங்க கும்பிடறாங்க. ஆனா அட்டை ஜாஸ்தி."

அட்டை என்ற சொல் காதில் விழுந்ததுமே என் கால் ஜீப்பிலிருந்து இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. மறுநாள் மழையில் போனோம். எதிர்மலையில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது. பாய் வண்டியை நிறுத்தி, "அதுதான் சார்" என்றார்.

"எவ்வளவு உயரம் இருக்கும் பாய்?"

"பத்து தென்னை மரம் இருக்குமுங்க."

மலையை விட்டு அதிகம் இறங்காத பாய் தென்னை மரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதிக்கொண்டேன். திரும்புகிற வழியில் டீக்கடைக்காரரிடம், "அந்த அருவியில என்னங்க விசேஷம்?" என்றேன். "சாமி இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வடையைத் திருப்பிப் போடப் போய்விட்டார். என் கள ஆய்வு அத்துடன் முடிந்தது.

அந்த இரண்டு சொல்லிலிருந்துதான் இருபத்திரண்டு பக்கம். சமயச் சிறப்பு: ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை, முனிவர்கள் தவம் செய்த தீர்த்தம். உகந்த பருவம்: வருடம் முழுவதும். உள்ளூர் வழக்கங்கள்: முழுமையாக மதிக்கப்படும். பிறகு என் மனதுக்குப் பிடித்த பகுதி, 'புனித நீராடல்'. பக்தர்கள் குளிக்கப் படித்துறை, உடை மாற்றும் அறைகள், பன்னிரண்டு கழிப்பறைகள். பன்னிரண்டு என்று எழுதும்போது கவுண்டருக்கு முன்னால் நின்ற அந்தக் கைக்குழந்தைக்காரியை நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

சபாபதி சார் இரண்டு நாள் படித்தார். நீராடல் பகுதிக்குப் பக்கத்தில் 'பேசுக'. போனேன். குல்லாவின் வலது காது உயர்ந்தது.

"ஏனுங்க, அங்க குளிக்கிறாங்களா?"

"புனித அருவிங்க சார். குளிக்காம வேறென்ன பண்ணுவாங்க?"

காதை இறக்கிவிட்டு, "சரிங்க" என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத்தான் கடைசித் தேதி.

அடுத்த வருடம் மே மாதம் பதில் வந்தது. மேலிடத்துக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார், உடனே வேலை தொடங்கும். சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, அவர் வந்தா நடந்து போற வழி எதுன்னு சொல்லுங்க. உங்க இருபத்திரண்டு பக்கத்துல அது மட்டும் காணோம்."

ஜூன் தொடக்கத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் பாயும் அந்த எஸ்டேட்டுக்குப் போனோம். நாற்பது வீடுகள் உள்ள லைன். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். வரிசை வீட்டை அவர்கள் 'லயம்' என்றே சொன்னார்கள். அருவிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்றதும் எல்லோரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். செல்லம்மா. ஐம்பது வயதிருக்கும். கொழுந்து எடுப்பவர். கல்லாத்தாவுக்கு விளக்கு வைப்பதும் அவர்தான்.

"ஆயிரம் வருசத்துக் கோயிலாமே, முனிவர் எல்லாம் தவம் பண்ணினாங்களாமே" என்று ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னா தொரை? எங்க அம்மா நட்ட கல்லு அது. கப்பல்ல வந்து எறங்குன புதுசுல லயத்துல தண்ணி இல்ல. எங்க அம்மாதான் காட்டுக்குள்ள தேடிப் போயி இந்தத் தண்ணியக் கண்டுபுடிச்சிச்சு. கண்டதும் ஒரு கல்ல நட்டு, ஆத்தான்னு கும்புட்டுச்சு. எந்த முனிவரும் வரல. வந்திருந்தா ஒரு கொடம் தூக்கச் சொல்லியிருப்போம்."

பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினால் அவருக்கு அப்படித்தான் வரும்.

வழியில் ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் செருப்பு வரிசை. அதற்கு அந்தப்பக்கம் வெறுங்கால்தான் என்றார் செல்லம்மா. அரை மைல் தூரம். ஷூவைக் கழற்றினேன். பாய் எனக்கு முன்பே கழற்றிவிட்டு, "நான் இங்கியே நிக்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க சார்" என்றார். பிறகு அவருக்கே மனசு கேட்காமல் கூட வந்தார். அடுத்த அரை மைலை நான் விவரிக்கப் போவதில்லை. ஜீப்புக்குள் உட்கார்ந்து எழுதியவனை அட்டைகள் ஒரு வருடமாக எதிர்பார்த்துக் காத்திருந்தது போல இருந்தது.

அருவி பத்து தென்னை மரமெல்லாம் இல்லை. இரண்டு இருக்கும். ஆனால் அழகு. கறுத்த பாறையில் வெள்ளையாக இறங்கி, கீழே ஒரு குளத்தில் விழுந்தது. கரையில் மஞ்சள் பூசிய அந்தக் கல். குளத்தின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புக் குழாய் புதருக்குள் போயிற்று. குழாயை நான் கவனித்தேன். ஆனால் கவனித்தது மண்டைக்குள் போகவில்லை. காலெல்லாம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எதிரே தெளிந்த தண்ணீர். புனித அருவி வேறு. வலது காலைக் குளத்துக்குள் விட்டேன்.

"எடு தொரை காலை!"

வேலை நாளாக இருந்தால் அந்தக் குரலுக்கு எஸ்டேட் முழுவதும் கொழுந்து எடுப்பதை நிறுத்தியிருக்கும். காலை எடுத்துவிட்டேன். செல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒத்தக் காலா, ரெண்டு காலா?"

"ஒத்தக் கால்தாம்மா."

"அப்பிடின்னா பொழுது சாஞ்சு வெளக்கு வைக்கிற வரைக்கும். ரெண்டு காலா இருந்தா நாளைக்கு வரைக்கும்."

எனக்குப் புரியவில்லை. பிறகு விளங்க வைத்தார். அந்தக் குளம்தான் நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர். கறுப்புக் குழாய் நேராக லயத்துக்குப் போகிறது. அதனால் அவருடைய அம்மா காலத்திலிருந்து யாரும் குளத்தில் கால் வைப்பதில்லை. கும்பிடுகிறவர்கள் பாறை மேல் நின்று, செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. தெரியாமல் ஒரு கால் பட்டுவிட்டால் அரை நாள் குழாயை அடைத்துவிட வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் திறப்பது. ஒரு காலுக்கு அரை நாள். அதுதான் கணக்கு.

"ஆத்தா குளிக்கிற எடம்னு பிள்ளைகளுக்குச் சொல்லி வளக்குறது. சோத்துப் பானைன்னு பெரியவங்களுக்குத் தெரியும். நீங்க பெரியவங்கதானே தொரை?"

ஞாயிற்றுக்கிழமை. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிற ஒரே நாள். நாங்கள் இறங்கி வருவதற்குள் செய்தி முன்னால் வந்துவிட்டது. வீட்டு வாசல்களில் காலிக் குடங்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும், அடுப்பில் பாதி வெந்த அரிசியை இறக்கி வைத்துவிட்டு, "இவருதானா அது?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டார். "இவருதான். கால் நல்லா செவப்பா இருக்கு பாரு" என்றார் அவர்.

கீழ் ஓடை இரண்டு மைல். மழையில் அந்த ரோட்டில் பெண்கள் குடத்தோடு கிளம்பியபோது பாய் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். என்னைக் கேட்கவில்லை. அன்று மாலை வரை நானும் பாயும் அரசாங்க ஜீப்பில் ஓடைக்கும் லயத்துக்கும் தண்ணீர் சுமந்தோம். ஒவ்வொரு நடைக்கும் பாய் ஒரே விஷயத்தைச் சொன்னார்: "நல்ல வேளைங்க சார். ரெண்டாவது காலையும் விட்டிருந்தீங்கன்னா நாளைக்கும் நாமதான்." ஜீப்பின் பயணப் புத்தகத்தில் நோக்கம் என்ற இடத்தில் 'நீர்வள ஆய்வு' என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் அந்தப் புத்தகத்தில் எழுதிய முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன், குடம் தூக்கிப் பழக்கமில்லாத உடம்பு. காலையில் எழுந்ததும்தான் உறைத்தது. என் ஒரு கால் நாற்பது வீட்டு அடுப்பை அணைத்தது. என் அறிக்கையோ படித்துறை கட்டி ஆயிரக்கணக்கான கால்களை அழைத்துக்கொண்டிருந்தது.

சார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப் கண்ணாடி ஏற்றியிருந்தது உட்பட. ஆரம்பத்திலேயே வலது காது உயர்ந்துவிட்டது. சொல்லி முடிக்கும்வரை இறங்கவில்லை.

"அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கலாங்களா சார்?"

"ஃபைல்ல ஏறினது ஏறினதுதானுங்க. அதுவும் நீங்க பொய் எழுதினீங்கன்னு நான் மேல எழுதினா உங்க வேலை போகும். பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அன்னைக்கே ஜீப்ப எடுத்துட்டு நானும் போயிருக்கணும்." வெந்நீரை ஒரு வாய் குடித்தார். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என் அறிக்கையின் மேல் வைத்தார். "வருடம் முழுவதும் உகந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"அப்ப ஜூலையும் உகந்ததுதானுங்களே?" ஸ்கேல் கீழே நகர்ந்தது. "உள்ளூர் வழக்கங்கள் முழுமையாக மதிக்கப்படும். ரொம்ப நல்ல வரிங்க. அப்ப மேலதிகாரியும் மதிக்கோணுமில்லீங்க?"

ஜூலை நடுவில் தேதி கொடுத்தார். பந்தலூரில் ஜூலை என்றால் என்ன என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அட்டைக்கும் தெரியும்.

மேலதிகாரி நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் கையில் ஒரு பெரிய வண்ணப் படமுமாக வந்திறங்கினார். என் அறிக்கையை வைத்து யாரோ வரைந்த படம். அருவிக்கு மேலே வானவில். குளத்தில் சிரித்துக்கொண்டே குளிக்கும் குடும்பங்கள். கரையில் ரோஸ் நிறக் கூரை போட்ட நீளமான கட்டடம். லயத்துக்காரர்கள் சுற்றி நிற்க, அவர் அதைச் செல்லம்மாவிடம் காட்டினார். செல்லம்மா குளிக்கிறவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரோஸ் கூரையில் விரலை வைத்தார்.

"இது என்ன தொரை, கோயிலா?"

"கழிப்பறைம்மா."

"எத்தனை?"

"பன்னிரண்டு. இதோ இந்த சார்தான் கேட்டிருக்கார்."

செல்லம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நீண்ட பார்வை. கோபம் என்று எடுத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்தேன்.

செருப்புப் பாறையில் மேலதிகாரி ஒரு நிமிடம் தயங்கினார். சபாபதி சார் ஏற்கெனவே ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்கால் வரை மடித்து, குல்லாவோடு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நடக்கும்போது இவர் எப்படி நிற்பது? கழற்றினார். சபாபதி சாரின் காலை ஒரு அட்டைகூடச் சீண்டவில்லை. எப்படி என்று எனக்கு வியப்பு. பாய் என் காதில் சொன்னார்: "விடியக்காலையிலயே வேப்பெண்ணெயும் உப்பும் கொழைச்சுத் தேச்சுட்டு வந்துட்டாருங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம்னாரு." எனக்கும் சொல்லவில்லை பாருங்கள். அது எனக்கான தண்டனை என்று நினைக்கிறேன், நியாயமானதுதான்.

பாதி வழியில் மேலதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அட்டை ஒன்று முழங்காலைத் தாண்டி மேலே போய்விட்டதோ என்று. சந்தேகம் உறுதியானதும் அவர் திரும்பி நடந்த வேகத்தை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. லயத்தின் முதல் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். செல்லம்மா ஓடிப்போய் உப்பும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரும் கொண்டுவந்தார். உப்பு காலுக்கு, தண்ணீர் குடிக்க. அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"அருமையான தண்ணிம்மா. எங்கிருந்து வருது?"

"நீங்க படத்துல ஆளுங்களக் குளிக்க வெச்சிருக்கீங்களே தொரை, அங்கிருந்துதான்."

டம்ளர் அவர் கையிலேயே நின்றது. உள்ளே பார்த்தார். வண்ணப் படத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே குளிக்கும் குடும்பங்களைப் பார்த்தார். பிறகு சுற்றி நிற்கிற பெண்களையும் அவர்கள் வாசல் குழாய்களையும் பார்த்தார்.

"வேற தண்ணி கிடையாதா?"

"கீழ ஓடைக்குப் போகணும். ரெண்டு மைலு. இந்த சாரக் கேளுங்க, சொமந்திருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நூத்திப் பன்னெண்டு குடமுங்க" என்றார் பாய்.

மேலதிகாரி படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜீப் ஏறும்போது சபாபதி சாரிடம், "நீங்களே மறு ஆய்வு செஞ்சு அனுப்பிடுங்க" என்றார். அந்த முடிவில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, அட்டையின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அட்டைக்கு ஃபைலில் இடமில்லை. அது ஒரு குறைதான்.

இரண்டாவது அறிக்கை ஒரு பக்கம். பைக்காராத் தாயின் துணை இல்லாமல் நானே எழுதியது. பச்சைக் கம்பளம் கிடையாது. உயரம்: இரண்டு தென்னை. பழமை: செல்லம்மாவின் தாயார் காலம். தாங்கு திறன் என்ற கட்டத்தில்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஒரு காலுக்கு அரை நாள் என்பது உள்ளூர் வழக்கம். அதன்படி ஒரு பயணிக்கு ஒரு நாள். ஆகவே இந்த அருவி வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து பயணிகளைத் தாங்கும். ஆனால் அந்த வருடம் முழுவதும் நாற்பது குடும்பங்கள் சமைக்க முடியாது.' கீழே, வேண்டிய வசதிகள் என்ற கட்டத்தில், முன்பு கேட்டிருந்த படித்துறை, உடை மாற்றும் அறை, கழிப்பறை எல்லாவற்றின் பெயரையும் எழுதி, ஒரே கோட்டில் அடித்துவிட்டு, 'தேவையில்லை' என்று போட்டேன். போடும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

சபாபதி சார் ஸ்கேல் எடுக்கவில்லை. "வாசிங்க" என்றார். வாசித்தேன். முந்நூற்று அறுபத்தைந்து வந்ததும் அவர் தோள் குலுங்கியது. பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். குல்லாவைக் கழற்றினார். வழுக்கை என்று அலுவலகமே பந்தயம் கட்டியிருந்தது. உள்ளே கருகருவென்று முடி. பச்சை மையை எடுத்து 'பார்த்தேன்' என்று எழுதினார். 'பேசுக' இல்லாமல் என்னிடம் திரும்பி வந்த ஒரே தாள் அது. பிறகு எனக்குப் பதவி உயர்வெல்லாம் வந்தது. இந்த அளவுக்கு இனிக்கவில்லை.

இதையெல்லாம் போன வாரம் நித்யாவிடம் வாயால் சொன்னபோது அவள், "போய்ப் பாத்துட்டு வரலாம் சார். நான் ஜீப் கண்ணாடிய ஏத்த மாட்டேன்" என்றாள். ரஹீம் பாய் இப்போது மெயின் பஜாரில் மச்சான் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கல்லாத்தா என்றதும் கடையை மச்சான் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

லயத்துக்குள் நுழையும்போது எனக்கு லேசாகப் படபடப்பு. நாற்பது குடும்பத்தின் தண்ணீரைக் காப்பாற்றியவன். ஒரு டீயாவது கிடைக்கும், ஒருவேளை சால்வைகூட. வேண்டாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். செல்லம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார்; முடி முழுக்க நரைத்துவிட்டது. வாசல் குழாயில் குடத்துக்குத் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாரது... கக்கூஸ் தொரையா?"

பாய் சட்டென்று திரும்பி நின்று தேயிலைச் செடிகளை ஆராயத் தொடங்கினார். தோள் மட்டும் குலுங்கியது. நித்யா எழுதிக்கொண்டிருந்த நோட்டால் வாயை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. "அந்த அருவி வேண்டாம்னு மேல எழுதினேனே அம்மா, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாத்தயும் அடிச்சுட்டீங்கன்னு அப்பவே பாய் வந்து சொன்னாரு. புண்ணியமாப் போச்சு" என்று குழாயை மூடிவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார் செல்லம்மா. "ஆனா இத்தனை வருசமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அருவிதானே தொரை வேணாம்? அந்தப் பன்னெண்டு கக்கூஸ எதுக்கு அடிச்சீங்க? இங்க நாப்பது வீட்டுக்கு நாலுதான் இருக்கு. அதுலயும் ரெண்டுக்குக் கதவு இல்ல."